உலோக ஆக்சைடு நானோ துகள்கள் செல்களை என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் வளர்ப்பிலும் சிறு நீருயிரிகளிலும் நச்சுச் சோதனை செய்யும் மாணவர்களை மனதில் வைத்து எழுதியது. சன்ஸ்கிரீன், மிட்டாய் நிறமி, வெல்டிங் புகை பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

உலோக ஆக்சைடு நானோ துகள் என்றாலே நஞ்சுதானா?

இல்லை. ஒரே செல்லில் ஒரே அளவு போட்டுப் பார்த்தால் செம்பு ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும் வழக்கமாக முன்னால் நிற்கும். பெரும்பாலான செல் வகைகளில் மி.லி.க்குச் சில பத்து மைக்ரோகிராம் போதும், செல் சாகும். டைட்டானியம் டை ஆக்சைடு, சீரியம் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு மூன்றும் இருட்டில் 24 மணி நேரம் வைத்தால், 100 மைக்ரோகிராமில்கூடப் பெரும்பாலும் பெரிய சேதம் காட்டுவதில்லை.

இரும்பு ஆக்சைடை மருந்தாகவே ஏற்றுகிறார்கள். 2009-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெருமாக்ஸிட்டால் அப்படிப்பட்டது. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு ஒரு தடவைக்கு 510 மி.கி. இரும்பு அதன் வழியாக நரம்பில் ஏறுகிறது. ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. கடும் ஒவ்வாமை காரணமாக 2015-ல் அதன் உறையில் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்ந்தது. ஆனால் அது துத்தநாக ஆக்சைடு செல்லைக் கொல்லும் விதத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறு பிரச்சினை.

ஆகவே ஒரு ஆக்சைடைப் பற்றி முதலில் கேட்கவேண்டியவை மூன்று: அது கரைகிறதா, செல்லிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குமா, அதன்மேல் வெளிச்சம் விழுகிறதா?

துத்தநாகம் உடம்புக்கு வேண்டிய சத்துதானே? அது எப்படிச் செல்லைக் கொல்லும்?

செல்லுக்குள் துத்தநாகம் நிறையவே உண்டு. ஆனால் ஏறக்குறைய அத்தனையும் புரதங்களோடு கட்டுண்டு கிடக்கும். கட்டில்லாமல் திரியும் அயனியைச் செல் மிகமிகக் குறைவாகவே வைத்துக்கொள்ளும். வெளியே அயனி கூடினால் உள்ளே விடும் வழிகளைக் குறைத்து, வெளியேற்றும் வழிகளைக் கூட்டிச் சமாளிக்கும்.

நானோ துகள் இந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போகிறது. செல் அதை அப்படியே விழுங்கித் தன் செரிமானப் பையான லைசோசோமுக்கு அனுப்புகிறது. லைசோசோமின் பிஹெச் 4.5 முதல் 5 வரை. நடுநிலை நீரில் லிட்டருக்குச் சில மி.கி. மட்டுமே கரையும் துத்தநாக ஆக்சைடு அந்த அமிலத்தில் வேகமாகக் கரைந்துவிடும். ஒரே இடத்தில் இத்தனை அயனி திரண்டதும் லைசோசோமின் சவ்வு கிழிகிறது, மைட்டோகாண்ட்ரியா தன் மின்னழுத்தத்தை இழக்கிறது, ஆக்சிஜன் ரேடிக்கல்கள் பெருகுகின்றன. ஊடகத்தில் முன்கூட்டியே கரைந்திருக்கும் அயனியும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

செம்பு ஆக்சைடிலும் கதை இதுதான், கூடுதலாக ஒரு கெடுதல் உண்டு. துத்தநாக அயனி எலக்ட்ரானை வாங்கிக் கொடுப்பதில்லை. செம்பு ஒன்று, இரண்டு என்ற இரு நிலைகளுக்கிடையே மாறி மாறி, ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொடூரமான ஹைட்ராக்சில் ரேடிக்கலாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் டிஎன்ஏ முறிவு செம்பில் அதிகம்.

கரைதல்தான் காரணம் என்பதற்கு நேரடிச் சோதனையும் உண்டு. துத்தநாக ஆக்சைடின் படிகத்தில் இரும்பைக் கலந்து அது கரையும் வேகத்தைக் குறைத்தபோது, செல்லிலும் வரிமீன் (ஜீப்ராஃபிஷ்) கருவிலும் நச்சு குறைந்தது.

கரையாத ஆக்சைடு எப்படிச் சேதம் செய்யும்?

குறைகடத்தி என்பதால். 2012-ல் 24 உலோக ஆக்சைடுகளை வரிசையாகச் சோதித்த ஓர் ஆய்வு, கடத்தல் பட்டையின் (குறைகடத்தியில் எலக்ட்ரான் நகரக்கூடிய மட்டத்தின்) ஆற்றல் செல்லின் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினைகளின் ஆற்றல் வீச்சுக்குள், அதாவது ஏறத்தாழ மைனஸ் 4.12 முதல் மைனஸ் 4.84 எலக்ட்ரான்வோல்ட் வரை, விழும் ஆக்சைடுகள் செல்லிலிருந்து எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனேற்ற அழுத்தம் உண்டாக்குவதைக் காட்டியது. கோபால்ட், குரோமியம், நிக்கல், மாங்கனீசு ஆக்சைடுகள் சில அந்த வீச்சில் விழுந்தன. துத்தநாக ஆக்சைடு அந்த வீச்சுக்கு வெளியேதான், ஆனாலும் நஞ்சு. காரணம், அது கரைகிறது. பட்டையை வைத்து மட்டும் கணித்தால் ஏமாந்துபோவோம் என்பதற்கு அதே ஆய்வே சான்று.

டைட்டானியம் டை ஆக்சைடு சோதனையில் எதுவுமே நடக்கவில்லை. சோதனை தவறா?

இருட்டு இன்குபேட்டரில் வைத்தால் அப்படித்தான் வரும். அனடேஸ் என்ற படிக வகையின் பட்டை இடைவெளி (எலக்ட்ரானைக் கிளப்பத் தேவையான ஆற்றல்) சுமார் 3.2 எலக்ட்ரான்வோல்ட், ரூட்டைல் வகையில் சுமார் 3.0. அனடேஸைத் தூண்டச் சுமார் 387 நானோமீட்டருக்குக் குறைவான ஒளி வேண்டும், அதாவது புறஊதா. சூரிய ஒளியில் அது உண்டு, சாதாரண ஆய்வக விளக்கில் அநேகமாகக் கிடையாது. இருட்டில் தண்ணீர்ப்பூச்சியை ஒன்றும் செய்யாத அதே துகள், வெயிலில் பல மடங்கு குறைந்த அளவிலேயே கொல்லும். குளத்தில் என்ன நடக்கும் என்று எழுதப்போகிறீர்கள் என்றால் புறஊதா விளக்கின் கீழும் ஒரு தொகுதி வையுங்கள். துகள் இல்லாமல் புறஊதா மட்டும் படும் தொகுதியையும் மறக்காதீர்கள்.

எந்தப் படிக வகை என்பதையும் எழுதுங்கள். பலரும் வாங்கும் பி25 என்ற டைட்டானியம் டை ஆக்சைடு பொடி ஏறக்குறைய 80 சதவீதம் அனடேஸ், மீதி பெரும்பாலும் ரூட்டைல். சராசரி விட்டம் 21 நானோமீட்டர், பரப்பு கிராமுக்குச் சுமார் 50 சதுர மீட்டர். சன்ஸ்கிரீனில் போடும் ரூட்டைலுக்குச் சிலிக்கா அல்லது அலுமினா பூச்சு உண்டு. இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவிட்டு முடிவுகளை ஒப்பிடுவது வீண்.

துகள் சிறுத்தால் நச்சு கூடும் என்பது உண்மையா?

ஆக்சைடைப் பொறுத்தது. இதற்கு இரண்டு பழைய ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

2007-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு நன்னீர்ப் பாசியில் நானோ துத்தநாக ஆக்சைடு, சாதாரண துத்தநாக ஆக்சைடு, துத்தநாக குளோரைடு மூன்றையும் போட்டுப் பார்த்தார்கள். 72 மணி நேரத்தில் வளர்ச்சியைப் பாதியாக்கும் அளவு மூன்றிலும் ஒன்றே: லிட்டருக்குச் சுமார் 60 மைக்ரோகிராம் துத்தநாகம். அவ்வளவு குறைந்த அளவில் பெரிய துகளும் முழுசாகக் கரைந்துவிடுவதால், அளவுக்கு வேலையே இல்லாமல் போனது.

2008-ல் எஸ்டோனியாவில் டாஃப்னியா மாக்னா என்ற தண்ணீர்ப்பூச்சியில் செம்பு ஆக்சைடைச் சோதித்தபோது, பாதியைப் பாதிக்கும் அளவு நானோ வடிவில் லிட்டருக்கு 3.2 மி.கி., சாதாரணப் பொடியில் சுமார் 165 மி.கி. ஐம்பது மடங்கு வித்தியாசம். செம்பு ஆக்சைடு மெதுவாகக் கரைவது. மேற்பரப்பு கூடினால் கரையும் வேகமும் கூடும், அங்கே அளவு தீர்மானிக்கிறது.

பொடியைத் திரவத்தில் கலப்பது எப்படி? எங்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு அளவு வருகிறது.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கலக்கினால் ஒவ்வொரு விதமாகத்தான் வரும். ஐரோப்பாவில் நானோஜெனோடாக்ஸ் திட்டத்தில் உருவான முறையை அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது:

1. 15.36 மி.கி. பொடியை 20 மி.லி. கண்ணாடி வயலில் எடையிடுங்கள்.
2. 30 மைக்ரோலிட்டர் எத்தனால் விட்டு நனையுங்கள். நீரை ஒட்டவிடாத பொடிக்கு இது மிக முக்கியம், இல்லாவிட்டால் மேலேயே மிதக்கும்.
3. 0.05 சதவீத போவைன் சீரம் ஆல்புமின் கலந்த, கிருமி நீக்கிய நீர் 5.97 மி.லி. சேருங்கள். இப்போது மி.லி.க்கு 2.56 மி.கி.
4. வயலை ஐஸில் வைத்து, 400 வாட் புரோப் சோனிகேட்டரை (ஒலியதிர்வால் கட்டியை உடைக்கும் கருவி) 10 சதவீத வீச்சில் 16 நிமிடம் ஓட்டுங்கள்.

உங்கள் கருவி வேறாக இருந்தால் எண்களை நகலெடுக்காதீர்கள். வீச்சு சதவீதம் கருவிக்குக் கருவி வேறு பொருள் தரும். ஒரு பீக்கர் நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்து, நீருக்குள் போகும் ஆற்றலைக் கணக்கிட்டு, மொத்த ஜூலைச் சமன் செய்யுங்கள். குளியல் வகை சோனிகேட்டரில் ஒரு மணி நேரம் வைத்தாலும் கெட்டியான கட்டிகள் பல சமயம் உடைவதில்லை.

கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். சீரம் சேர்த்த ஊடகத்தில் நேரடியாக சோனிகேட் செய்தால் புரதம் உருக்குலைந்து துகள்களை மறுபடி ஒட்டவைக்கும், நுரையும் பொங்கும். எனவே நீரில் பிரித்த பிறகு ஊடகத்தில் நீர்த்துக்கொள்ளுங்கள். புரோப் முனை டைட்டானியம் உலோகம். தேய்ந்து குழிவிழுந்த முனை உங்கள் மாதிரியில் டைட்டானியத்தைக் கொட்டும். டைட்டானியம் சோதனைக்கு இதைவிடக் கேலியான மாசு இருக்கமுடியாது. துத்தநாக ஆக்சைடை நீரில் கலந்து ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த வாரம் எடுத்தால், அது நீங்கள் கலந்த பொருளே அல்ல. கலந்த ஒரு மணி நேரத்துக்குள் செல்லில் போட்டுவிடுங்கள்.

ஆல்புமினும் எத்தனாலும் துகள் இல்லாமல் அதே விகிதத்தில் சேர்ந்த ஒரு கட்டுப்பாட்டு வெல் (பிளேட்டின் ஒரு குழி) கண்டிப்பாக வேண்டும்.

கிருமி நீக்க 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிக்கலாமா? துகள் 30 நானோமீட்டர்தானே.

கூடாது. தனித்துகள் 30 நானோமீட்டராக இருக்கலாம், ஆனால் திரவத்தில் அது திரளாகத்தான் மிதக்கிறது. பல நூறு நானோமீட்டர் திரள்கள் ஃபில்டரிலேயே தங்கிவிடும். செல்லுக்குப் போவது கரைந்த அயனியும் மிச்சமீதியும் மட்டும். 100 மைக்ரோகிராம் என்று எழுதியிருப்பீர்கள், உள்ளே 10 கூட இருக்காது.

உலர்பொடியை 160 டிகிரி செல்சியஸ் உலர்வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைக்கலாம், அங்கக உறை இல்லாத துகளாக இருந்தால். ஆனால் பாக்டீரியா செத்தாலும் அதன் சுவரிலுள்ள நச்சான எண்டோடாக்சின் அந்த வெப்பத்தில் போகாது. அதை அழிக்க 250 டிகிரியில் அரை மணி நேரம் வேண்டும், அந்தச் சூட்டில் துகளின் மேற்பரப்பு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அழற்சி அளவிடும் சோதனையில் இதைக் கவனிக்காவிட்டால், துகளின் வேலை என்று நீங்கள் எழுதுவது பாக்டீரியாவின் வேலையாக இருக்கும்.

அயனிக் கட்டுப்பாடு என்று ரிவ்யூவர் கேட்கிறார். எதை, எவ்வளவு போடவேண்டும்?

துகள் இல்லாமல் அதே அயனியை மட்டும் தரும் உப்பைப் போட்ட தொகுதிதான் அயனிக் கட்டுப்பாடு. துத்தநாக ஆக்சைடில் எடைக்கு 80.3 சதவீதம் துத்தநாகம். மி.லி.க்கு 10 மைக்ரோகிராம் துகள் போடுகிறீர்கள் என்றால் முழுவதும் கரைந்தால் 8.03 மைக்ரோகிராம் துத்தநாகம், அதாவது சுமார் 123 மைக்ரோமோலார். அதே துத்தநாகத்தைத் தர, ஏழு நீர் மூலக்கூறு கொண்ட துத்தநாக சல்பேட் மி.லி.க்கு 35.3 மைக்ரோகிராம் தேவை. துத்தநாக குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடையை ஏமாற்றும், சல்பேட்டே வசதி.

இதோடு இன்னொன்றும் வேண்டும்: துகளை முழு ஊடகத்தில் 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, உண்மையில் எவ்வளவு கரைகிறது என்ற அளவீடு. சாதாரண சென்ட்ரிஃபியூஜில் சுற்றிவிட்டு மேலே நிற்கும் நீரை அளந்தால் மிதக்கும் சிறு துகளும் அயனிக் கணக்கில் சேர்ந்துவிடும். 3 கிலோடால்டன் அல்ட்ராஃபில்டரேஷன் குழாய் பயன்படுத்துங்கள், பிறகு அணு உறிஞ்சல் அல்லது ஐசிபி கருவியில் அளவிடுங்கள். ஒரு சிக்கல் உண்டு. ஆல்புமினோடு ஒட்டிய துத்தநாகம் அந்தச் சவ்வைத் தாண்டாது. ஆகவே சீரம் உள்ள ஊடகத்தில் வரும் எண், கரைந்த மொத்தத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டே எழுதவேண்டும்.

பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புநீரில் கரைதலை அளக்கவே அளக்காதீர்கள். பாஸ்பேட் துத்தநாகத்தைப் பிடித்துக் கரையாத துத்தநாக பாஸ்பேட்டாக்கிவிடும்.

எம்டிடி சோதனையில் செல் பிழைப்பு 120 சதவீதம் வருகிறது. துகள் செல்லை வளர்க்கிறதா?

அநேகமாக இல்லை. எம்டிடி மஞ்சள் நிற உப்பு. உயிருள்ள செல் அதை ஊதா நிற ஃபார்மசானாக்கும், அதை 570 நானோமீட்டரில் அளக்கிறோம். நானோ துகள் இதில் நான்கு இடங்களில் கைவைக்கும். துகளே ஒளியைச் சிதறடித்து அளவீட்டைக் கூட்டும், டைட்டானியம் டை ஆக்சைடு இதில் பேர்போனது. செல்லே இல்லாமல் எம்டிடியை ஒடுக்கிவிடும் துகள்களும் உண்டு. ஃபார்மசான் துகளோடு ஒட்டிக்கொண்டு அடியில் தங்கிவிட்டால் அளவீடு குறைந்து, சாகாத செல்லும் செத்ததாகத் தெரியும். நான்காவது, செல்லே அழுத்தத்தில் மைட்டோகாண்ட்ரியாவை முடுக்கிவிடும். அப்போது நிறம் கூடும், எண்ணிக்கை கூடியிருக்காது.

செய்யவேண்டிய ஒழுங்கு இது. 96 வெல் பிளேட்டில் வெல்லுக்கு 10,000 செல், 24 மணி நேரம் ஒட்டவிட்டு, துகளோடு 24 மணி நேரம். ஊடகத்தை எடுத்துவிட்டு மி.லி.க்கு 0.5 மி.கி. எம்டிடி கலந்த புது ஊடகம், 3 முதல் 4 மணி நேரம். அதை மெதுவாக உறிஞ்சி எடுத்து ஃபார்மசானைக் கரைக்க 100 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ. இதுவரை எல்லோரும் செய்வதுதான். இதற்குமேல் செய்யாமல் விடுவதுதான் ஆய்வைக் கெடுக்கிறது: பிளேட்டைச் சென்ட்ரிஃபியூஜில் 10 நிமிடம் சுற்றி, மேல்நீரில் 80 மைக்ரோலிட்டரை மட்டும் புது பிளேட்டுக்கு மாற்றி, அங்கே அளவிடுங்கள்.

அதே பிளேட்டில் ஒவ்வொரு அளவுக்கும் செல் இல்லாத வெல்கள் மூன்று வையுங்கள். தனியாக, துகள் படாத செல்லிலிருந்து கரைத்தெடுத்த ஊதாக் கரைசலில் துகளைச் சேர்த்து, அரை மணி நேரம் கழித்துச் சுற்றி, நிறம் இறங்குகிறதா பாருங்கள். இந்த இரண்டிலும் மாற்றம் கட்டுப்பாட்டின் 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தக் கணக்குப் போட்டு ஒப்பேற்றாமல் வேறு முறைக்குப் போய்விடுவதே நேர்மை. செல் எண்ணிக்கை அல்லது காலனி உருவாக்கச் சோதனை மெதுவானது, ஆனால் துகளிடம் அவ்வளவாக ஏமாறாது.

எல்டிஹெச், டிசிஎஃப் முறைகளில் இந்தத் தொல்லை இல்லையா?

உண்டு. எல்டிஹெச் என்பது சவ்வு கிழிந்த செல்லிலிருந்து கசியும் என்சைம், டிசிஎஃப் என்பது ஆக்சிஜன் ரேடிக்கலைக் காட்டும் ஒளிரும் சாயம். செம்பு அயனி எல்டிஹெச் என்சைமையே செயலிழக்கச் செய்யும். சவ்வு கிழிந்து என்சைம் வெளியே கொட்டினாலும் அளவீடு குறைவாகத்தான் வரும், செம்பு ஆக்சைடு பாதுகாப்பானது என்று தலைகீழாக முடிவெடுப்பீர்கள். டிசிஎஃப் சாயத்தைச் செம்பு போன்ற உலோகங்கள் செல் இல்லாமலேயே ஒளிரவைக்கும், வெளிச்சம் பட்டாலும் ஒளிரும். செல் இல்லாத வெல் இங்கேயும் கட்டாயம்.

எந்த அளவுகளைத் தேர்ந்தெடுக்கலாம்? 1, 10, 100, 1000 போதாதா?

துத்தநாக ஆக்சைடுக்குப் போதாது. அதன் வளைவு செங்குத்து. 10 மைக்ரோகிராமில் செல் சும்மா இருக்கும், 20-இல் பாதிக்குமேல் போயிருக்கும். பத்து மடங்கு தாவினால் அந்த இடத்தையே பார்க்கமாட்டீர்கள், ஐசி50 (பாதியாகக் குறைக்கும் அளவு) என்று வரும் எண் வெறும் ஊகமாகிவிடும். 2, 5, 8, 12, 16, 20, 30, 50 என்று நெருக்கமாக வையுங்கள்.

மி.லி.க்கு 1000 மைக்ரோகிராம் என்பது எந்தத் துகளுக்கும் அர்த்தமில்லாத அளவு. செல்லின் மேல் மண் மூடினால் உணவும் ஆக்சிஜனும் போகாமலே சாகும்.

அளவை மி.லி. கணக்கில் மட்டும் எழுதாமல் பரப்புக்கும் எழுதுங்கள். துகள் கீழே படிவது, மருந்துபோல் சமமாகக் கரைந்து நிற்பதல்ல. 96 வெல் பிளேட்டில் ஒரு வெல்லின் தரை சுமார் 0.32 சதுர செ.மீ. மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் உள்ள திரவம் 100 மைக்ரோலிட்டர் விட்டால் மொத்தம் 10 மைக்ரோகிராம், எல்லாம் படிந்தால் சதுர செ.மீ.க்கு 31. அதே திரவத்தை 200 மைக்ரோலிட்டர் விட்டால் 62. செறிவு மாறவில்லை, செல்லுக்குக் கிடைத்தது இரட்டிப்பு.

வேப்பிலை, துளசிச் சாற்றில் தயாரித்த துகள் நச்சில்லாததுதானே?

தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் அதிகம் செய்யப்படும் வேலைகளில் ஒன்று இது என்பதால் கொஞ்சம் விரிவாக. சாறு, துத்தநாக நைட்ரேட்டை வீழ்படிவாக்க உதவுகிறது, துகளின் மேல் தற்காலிக உறையாக ஒட்டுகிறது. பிறகு 400 முதல் 500 டிகிரியில் கால்சினேஷன், அதாவது உலையில் சுடுதல், செய்கிறீர்கள். அந்தச் சூட்டில் இலையின் அங்ககப் பொருள் ஏறக்குறைய எல்லாமே எரிந்துபோகிறது. மிஞ்சுவது துத்தநாக ஆக்சைடு. லைசோசோமில் கரைந்தால் அதே அயனி. கால்சினேஷன் செய்யாத துகளில் உறை இருக்கும், அதோடு கழுவப்படாத நைட்ரேட்டும் தாவரப் பாலிஃபீனாலும் இருக்கும். அப்போது செல் செத்தது எதனால் என்று சொல்லமுடியாது. சாறு மட்டும், கடைசிக் கழுவுநீர் மட்டும் என்று இரண்டு கட்டுப்பாடுகள் வையுங்கள்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்ஆர்டி-யில் (எக்ஸ்கதிர் விளிம்பு விளைவு) 36.25 டிகிரி உச்சத்தின் பாதியகலம் 0.5 டிகிரி என்றால் ஷெரர் சமன்பாடு சுமார் 16.7 நானோமீட்டர் தரும். அது படிகத்தின் அளவு. பல படிகங்கள் ஒட்டி 80 நானோமீட்டர் துகளாக இருக்கலாம், அவை ஊடகத்தில் 600 நானோமீட்டர் திரளாகலாம். செல் பார்ப்பது கடைசி எண்ணை. மூன்றையும் எழுதுங்கள். ஷெரர் எண்ணை மட்டும் தலைப்பில் போட்டுக்கொள்வது சரியல்ல. கருவியால் வரும் அகலத்தைக் கழிக்காவிட்டால் அந்த எண்ணும் தவறு.

துத்தநாக ஆக்சைடு புற்றுநோய்ச் செல்லை மட்டும் கொல்கிறது என்கிறார்களே?

ஒப்பிட்ட விதத்தைப் பாருங்கள். புற்றுநோய்ச் செல் ஒரு ஊடகத்தில், சாதாரண செல் வேறு ஊடகத்தில், வேறு சீரம் அளவில், வேறு அடர்த்தியில் இருந்தால் வித்தியாசம் அங்கிருந்தே வரலாம். சீரம் 10 சதவீதத்திலிருந்து 2 சதவீதமானாலே துத்தநாகத்தைக் கட்டும் ஆல்புமின் ஐந்தில் ஒன்றாகிறது. ஒரே ஊடகம், ஒரே சீரம், ஒரே அடர்த்தி, துத்தநாக சல்பேட் கட்டுப்பாடு. இவ்வளவும் வைத்த பிறகும் வித்தியாசம் நின்றால் அப்போது பேசலாம்.

டாஃப்னியாவில் சோதிக்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 202-ஆம் சோதனை முறை எளிமையானது: பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகள், அளவுக்கு 20, ஐந்து ஐந்தாக நான்கு குழு, குஞ்சுக்கு 2 மி.லி. நீர், 18 முதல் 22 டிகிரி, 48 மணி நேரம். லேசாக அசைத்த பின் 15 விநாடிக்குள் நீந்தாதது பாதிக்கப்பட்டது. கட்டுப்பாட்டில் 10 சதவீதத்துக்குமேல் இப்படி ஆனால் சோதனை செல்லாது.

இதற்குமேல் துகளுக்கு என்று வரும் சிக்கல்களையும் கவனிக்கவேண்டும். டாஃப்னியாவை வளர்க்கும் எலெண்ட் எம்4, எம்7 செயற்கை நீரில் ஈடிடிஏ உண்டு. அது துத்தநாகத்தையும் செம்பையும் கட்டி நச்சைக் குறைத்துக் காட்டும். உலோகத்துக்கு ஈடிடிஏ இல்லாத ஐஎஸ்ஓ நீரே சரி. டைட்டானியம் டை ஆக்சைடு ஓட்டின்மேல் ஒட்டித் தோலுரிப்பதைத் தடுக்கும். அந்தப் பாதிப்பு 48 மணி நேரத்தில் தெரியாமல் 96 மணி நேரத்தில் தெரியும். இன்னொன்று, இரண்டாம் நாள் கண்ணாடி அடியில் வெள்ளைப் படிவு தெரிந்தால், மேலே நீந்தும் பூச்சி நீங்கள் எழுதிய செறிவில் இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் நடு ஆழத்திலிருந்து நீர் எடுத்து உலோகத்தை அளவிடுங்கள்.

வரிமீன் முட்டை பொரியவே இல்லை, ஆனால் உள்ளே குஞ்சு உயிரோடு இருக்கிறது. ஏன்?

துத்தநாகமும் செம்பும் செய்யும் வேலை. குஞ்சு, முட்டையுறையைக் கரைக்க ஒரு என்சைமைச் சுரக்கும். அந்த என்சைம் உலோக அயனியைப் பிடித்துவைத்து இயங்குவது. வெளியிலிருந்து வரும் அயனி அதைக் கெடுத்துவிடுகிறது. ஓஇசிடி 236-இல் சாவுக்கான குறிகள் நான்கு: முட்டை திரிதல், உடற்கண்டம் உருவாகாமை, வால் பிரியாமை, இதயத்துடிப்பு இல்லாமை. பொரியாமை அதில் கிடையாது. ஆகவே பொரிதலைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், இந்தத் துகள்களில் அதுதான் முதலில் தெரியும் பாதிப்பு. நேர்க் கட்டுப்பாடு லிட்டருக்கு 4 மி.கி. 3,4-டைக்ளோரோஅனிலின், வெப்பம் 26 டிகிரி, 96 மணி நேரம்.

மிட்டாய், சூயிங்கம்மில் வெள்ளை நிறத்துக்குப் போடும் இ171 ஆபத்தா?

இ171 என்பது டைட்டானியம் டை ஆக்சைடு. அதில் ஒரு பகுதி நானோ அளவில் இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மே மாதம், டிஎன்ஏ சேதம் செய்யும் சாத்தியத்தை ஒதுக்கமுடியவில்லை என்பதால் இனி அதைப் பாதுகாப்பானது என்று கருதமுடியாது என்றது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் தடை செய்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஜெக்ஃபா நிபுணர் குழு 2023-ல் பார்த்துவிட்டு, தினசரி வரம்பு விதிக்கத் தேவையில்லை என்ற பழைய நிலையையே வைத்துக்கொண்டது. அமெரிக்காவில் எடையில் 1 சதவீதம் வரை அனுமதி. பெரும்பாலும் ஒரே தரவை வைத்து இரு தரப்பும் வேறு முடிவுக்கு வந்திருக்கின்றன. ஐரோப்பா நிரூபணத்தின் பாரத்தைப் பொருள் தயாரிப்பவர்மேல் வைத்தது. நிறத்துக்காக மட்டும் சேர்க்கும் பொருளில் அந்த அணுகுமுறை நியாயமானது என்பது எங்கள் எண்ணம்.

சன்ஸ்கிரீன் பூசலாமா?

பூசலாம். துகள் தோலின் மேலுள்ள இறந்த அடுக்கைத் தாண்டிப் போவது மிகச் சொற்பம். 2010-ல் ஆஸ்திரேலியாவில் துத்தநாகம்-68 என்ற ஐசோடோப்பில் செய்த சன்ஸ்கிரீனைத் தன்னார்வலர்களுக்குக் கடற்கரையில் ஐந்து நாள் பூசிப் பார்த்தார்கள். இரத்தத்தில் அந்தத் துத்தநாகம் சிறிதளவே தென்பட்டது, உடம்பில் ஏற்கெனவே உள்ளதோடு ஒப்பிட்டால் அற்பம். ஐரோப்பாவில் இரண்டு ஆக்சைடுக்கும் 25 சதவீதம் வரை அனுமதி. நுரையீரலுக்குள் போகக்கூடிய ஸ்பிரே வடிவில் மட்டும் கூடாது. குழந்தை முகத்துக்கு ஸ்பிரே வேண்டாம், கிரீம் போதும்.

கால்வனைஸ் தகடு வெல்டிங் செய்த இரவில் குளிர்காய்ச்சல் வருவது இதனால்தானா?

ஆம். சூட்டில் துத்தநாகம் ஆவியாகி, காற்றில் நுண்ணிய துத்தநாக ஆக்சைடாகிறது. மூச்சில் போய் 4 முதல் 10 மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், உடல்வலி, வாயில் உலோகச் சுவை. பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில் தானாகத் தணியும். தொடர்ந்து செய்பவருக்கு உடம்பு பழகிவிடும், இரண்டு நாள் விடுமுறையில் அந்தப் பழக்கம் போய்விடும். அதனால்தான் திங்கட்கிழமை அதிகம் வருகிறது. பால் குடித்தால் வராது என்பது பட்டறைப் பேச்சு, புகை நுரையீரலுக்குப் போகிறது, பால் வயிற்றுக்கு. வெல்டிங் கோட்டின் இருபுறமும் பூச்சைத் தேய்த்து எடுப்பதும், புகையை உறிஞ்சும் குழாயை வாய்க்குப் பக்கமல்ல, வெல்டிங் ஆர்க்குக்குப் பக்கம் வைப்பதும்தான் வழி. மூச்சுத் திணறல் நாள் ஆக ஆகக் கூடினால் அது வேறு, உடனே மருத்துவமனை.

ஆய்வகத்தில் உலர்பொடியைக் கையாளும்போது?

ஆபத்து பெரும்பாலும் மூச்சு வழிதான். எலிகள் பல மாதம் டைட்டானியம் தூசியை அதிக அளவில் சுவாசித்தபோது நுரையீரல் கட்டி வந்தது. அதை வைத்தே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2பி பிரிவில் (மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்) வைத்திருக்கிறது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2011-ல் பரிந்துரைத்த வரம்பு சாதாரண டைட்டானியம் தூசிக்கு கன மீட்டருக்கு 2.4 மி.கி., நானோ அளவுக்கு 0.3 மி.கி.

எடையிடுவது ஃபியூம் ஹூட் அல்லது கையுறைப் பெட்டிக்குள். ஹூட்டின் காற்று பொடியைப் பறக்கவிட்டால் கதவைத் தாழ்த்துங்கள். என்95 நானோ துகளையும் பிடிக்கும், முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால். அறுவை மாஸ்க் போதாது. சிந்தினால் துடைப்பம் எடுக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டுங்கள்.

துத்தநாக, செம்புக் கழிவை சிங்கில் ஊற்றக்கூடாது. பாசியைப் பாதியாக்க லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் போதும் என்று மேலே பார்த்தோம். 2.56 மி.கி. செறிவுள்ள 6 மி.லி. வயல் ஒன்றில் இருக்கும் துத்தநாகம் சுமார் 12 மி.கி., அது 200 லிட்டர் நீரை அந்த அளவுக்குக் கொண்டுபோகும். மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் உலோகத்தின் பெயரும் தேதியும் எழுதிச் சேர்த்து, அபாயகரக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். அமிலம் விட்டுக் கரைத்தால் துகள் போய்விடும், நஞ்சு போகாது.